தனிக்கட்டையின் பங்கு

"அவனுக்கென்ன, தனிக்கட்டை!" என்று நாம் சொல்வதுண்டு. மனைவி மக்கள் இல்லாதவன். எங்கு அனுப்பினாலும் போவான், எதையும் தாங்குவான் என்பது அதன் பொருள். சொல்பவர் பெரும்பாலும் பாராட்டாகவே சொல்கிறார். சிறிது பொறாமையும் கலந்திருக்கலாம். ஆனால் பேச்சுவாக்கில் வரும் இச்சொல் சில இடங்களில் தீர்ப்பாகிவிடுகிறது. பண்டிகை நாளில் அலுவலகத்தைத் திறந்து வைக்க ஆள் தேடும்போதும், மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் பெயர் குறிக்கும்போதும் முதலில் நினைவுக்கு வருபவர் மணமாகாதவரே. பனிமலை உச்சியில் காவல் நிற்கும் படைவீரன் வாழ்வில் இத்தீர்ப்பு மிகக் கனமானது. மணமாகாதவன் என்னும் ஒரே காரணத்திற்காக ஒருவன் தோளில் கூடுதல் சுமையை ஏற்றுவது நீதியா?

காரகோரம் மலைத்தொடரில் உள்ள சியாச்சின் பனிப்பாறையை நினைத்துக்கொள்வோம். 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படையினர் அங்கே காலூன்றினர். அந்நாள் முதல் அதன் மேற்கிலுள்ள சால்டோரோ முகட்டில் காவல் ஓய்ந்ததில்லை. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தபின் துப்பாக்கிகள் அடங்கின. எனினும் சாவு நிற்கவில்லை. ஏனெனில் அங்கே எதிரியின் குண்டுக்கு இரையானவர்களைவிடக் குளிருக்கும் உயரத்திற்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்களே மிகுதி. 20,000 அடி உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் பாதியும் இல்லை. குளிர் உறைநிலைக்குக் கீழே 50 பாகை வரை இறங்கும். வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பசி எடுப்பதில்லை, உறக்கம் துண்டு துண்டாகிறது. மண்ணெண்ணெய் அடுப்பின் புகையும் கரியும் படிந்த சிறு கூண்டுக்குள் ஒருவரோடொருவர் ஒண்டிக் கிடந்து, ஏறத்தாழ மூன்று மாதம் கழிக்க வேண்டும். வெளியே நடக்கும்போது எல்லாரும் ஒரே கயிற்றில் பிணைந்து நடப்பார்கள். ஒருவன் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்காக.

2016 பிப்ரவரி 3 அன்று மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேரைப் பனிச்சரிவு மூடியது. அவர்களுள் நால்வர் தமிழகத்தார். ஆறாம் நாளில் உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பிப்ரவரி 11 அன்று டில்லியில் இறந்தபோது, அவருடைய இளம் மனைவியையும் சிறு மகளையும் எண்ணி நாடே கலங்கியது. கலங்கியது முறையே. ஆனால் இறந்தவன் மணமாகாதவனாயிருந்தால் நம் இரக்கம் சற்று விரைவில் அடங்கிவிடுகிறது. "நல்லவேளை, பின்னால் யாருமில்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய் 'யாருமில்லை' என்பதற்குள் அடங்கிப் போகிறாள்.

எதிர்வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். பனி சரியக்கூடிய ஒரு சரிவைக் கடக்க ஒருவனை அனுப்பியாக வேண்டும். ஒருவன் இரு குழந்தைகளின் தந்தை; மற்றவன் மணமாகாத இளைஞன். தந்தை இறந்தால் மூவர் ஆதரவற்றவராவர். இளைஞனை அனுப்பும் அதிகாரியைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மனத்தில் இருப்பதும் இரக்கமே. ஆயினும் அக்கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தூணின் மதிப்பை அது தாங்கும் கூரையைக் கொண்டு அளப்பதுபோல, மனிதனின் மதிப்பை அவனை அண்டியிருப்போரின் எண்ணிக்கையால் அது அளக்கிறது. அந்தத் தந்தை வாழ்வில் பெற்றுவிட்ட நன்மைகள் எவையும் இளைஞனுக்கு இன்னும் வரவில்லை. அவை வருமுன்னரே அவன் போய்விடக்கூடும் என்பதைக் கணக்கில் எழுத நமக்குத் தோன்றுவதில்லை.

பங்கீட்டு நீதியைப் பற்றிப் பேசும் புனித தோமாஸ் அக்குவினாஸ், அதற்கு எதிரான குற்றமாக ஆள் பார்த்துப் பங்கிடுவதைக் குறிப்பிடுகிறார். நம் பேச்சில் முகத்தாட்சண்யம் என்போம். பங்கிடப்படும் பொருளுக்குப் பொருத்தமான காரணத்தைப் பார்க்க வேண்டுமேயன்றி ஆளைப் பார்க்கக் கூடாது. பனிமுகட்டுக் காவலுக்குப் பொருத்தமான காரணங்கள் யாவை? திடமான நுரையீரல், பயிற்சி, கயிற்றில் உடன் வருபவனைக் காக்கும் விழிப்பு. திருமணம் இவற்றுள் ஒன்றன்று. விடுப்பின் செய்தி சற்று வேறு. மனைவி பேறுகாலத்தில் இருப்பவனுக்கு முதலில் விடுப்பளிப்பது நியாயம். அங்கே உண்மையான தேவை ஒன்று நிற்கிறது. தாய் அறுவைக்காகக் காத்திருக்கும் மணமாகாதவனின் தேவையும் அத்தகையதே.

மேலும், நம் ஊர்களில் மணமாகாத பிள்ளை எப்படி மணமாகாதவனாய் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். தங்கைக்கு வரன் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், தம்பி படிப்பை முடிக்கட்டும் என்று தன் திருமணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிவைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! பலரைச் சுமப்பதாலேயே தனியாய் நிற்பவனை, சுமை இல்லாதவன் என்று எண்ணிவிடுகிறோம்.

2022 ஜூனில் நடுவண் அரசு அறிவித்த அக்னிபாத் திட்டம் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. நான்கு ஆண்டுப் பணிக்கு மணமாகாத இளைஞரையே அது சேர்த்தது. 2023 அக்டோபரில் அத்திட்டத்தில் சேர்ந்த ஒரு வீரர் சியாச்சினில் இறந்தார். விதிப்படி 48 இலட்சம் ரூபாய் காப்பீடும் 44 இலட்சம் ரூபாய் கருணைத் தொகையும் குடும்பத்திற்கு உரியவை. குடும்ப ஓய்வூதியம் திட்டத்தில் இல்லை. தொகை சிறிதன்று. ஆயினும் நிரந்தரப் பணியில் உள்ளவர் அதே முகட்டில் இறந்தால் குடும்பத்திற்கு ஓய்வூதியம் உண்டு. ஒரே பனியில் இறந்த இருவருக்கு இருவேறு கணக்கு எதற்கு என்று அந்தப் பெற்றோர் கேட்டால் நம்மிடம் விடை இருக்கிறதா?

ஆபத்து மட்டுமே சுமையன்று. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஃபேர்பேங்க்ஸ் நகரையொட்டிய படைத்தளத்தில் டிசம்பரில் பகல் வெளிச்சம் நான்கு மணி நேரம்கூட இல்லை. குடும்பத்தோடு இருப்பவருக்கு வீடு உண்டு. தனியர்க்குப் பாசறை அறை. கதகதப்பு, உணவு, ஊதியம் எதற்கும் குறைவில்லை. ஆயினும் 2021இல் அலாஸ்காவில் பணியாற்றிய வீரர்களுள் 17 பேரின் சாவு தற்கொலை என்று உறுதிப்பட்டது அல்லது ஐயுறப்பட்டது. அவர்கள் அனைவரும் தனியர் என்று சொல்ல நான் வரவில்லை. குளிரைத் தடுக்கும் சுவர் தனிமையைத் தடுப்பதில்லை என்பதைத் தளபதிகளும் உணர்ந்து, ஒவ்வொரு வீரரும் ஆலோசகர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேச ஏற்பாடு செய்தனர்.

சியாச்சினின் முன்னணி நிலைகளுக்கு 2023 அக்டோபரில் கைப்பேசிக் கோபுரம் வந்தது. கணவன் மனைவியிடம் தன் களைப்பைச் சொல்லக்கூடும். மகனோ தாயிடம் "நல்லாயிருக்கேம்மா, சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அவள் அஞ்சுவாளே என்னும் அன்பினால்தான்.

துறவறத்தார்க்கும் இந்தத் தனிக்கட்டைக் கணக்கு பழக்கமானதே. ஆனால் நாங்கள் அதை விரும்பி ஏற்று வாக்குக் கொடுத்தவர்கள். இருபது வயது வீரன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவனுக்கு இன்னும் திருமணமாகவில்லை, அவ்வளவே.

கிறிஸ்துமஸ் விடுப்புக்கோ பொங்கல் விடுப்புக்கோ பெயர் எழுதும்போது, "நீங்க போய்ப் பிள்ளைகளைப் பார்த்துட்டு வாங்கண்ணே, நான் இருக்கேன்" என்று ஓர் இளைஞன் சொல்லலாம். அது அவன் கொடுக்கும் கொடை. அடுத்த ஆண்டு அவனைக் கேளாமலே பட்டியல் எழுதப்படுமானால், அவன் செய்வது அதே காவல்தான். ஆனால் கொடுக்கும் உரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அவனைப் புதிதாய்க் கேட்கட்டும். அவன் விட்டுக்கொடுத்த பண்டிகைகளை எங்காவது குறித்துவைத்து, அடுத்த முறை அவன் பெயரை முதலில் எழுதட்டும். படிவத்தில் மணமானவரா என்று கேட்கும் வரிக்குக் கீழே, உம்மை நம்பியிருப்பவர் யார் என்று இன்னொரு வரியும் இருக்கட்டும்; அதில் அவன் அம்மாவின் பெயரையும் தங்கையின் பெயரையும் எழுதுவான்.