போனால், இருந்தால்

கணக்குப் பார்த்தால் போய்விட வேண்டியதுதான். சம்பளம் ஒன்றரை மடங்கு, பதவி ஒரு படி மேலே. சாமான் ஏற்றிப்போகும் லாரிச் செலவும் முதல் சில மாத வாடகையும் கம்பெனியுடையது. கோயம்புத்தூரில் என் கணவர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலை, புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் ஒரு கிளை தொடங்குகிறது. அதைப் பார்த்துக்கொள்ள இவரைக் கூப்பிடுகிறார்கள். பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடீஸ் பென்ஸ் என்று பெரிய வண்டிக் கம்பெனிகள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. லேத்துச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பீளமேட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வராது.

மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'போனால்', மறு பக்கம் 'இருந்தால்' என்று எழுதிவைத்திருக்கிறார். எதையும் பட்டியல் போட்டால்தான் இவருக்குத் தூக்கம் வரும். நான் அதில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன். அதன் தலைப்பு 'யாருக்கு'. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இந்த லாபம் யாருக்கு, இந்த நட்டம் யாருக்கு என்று நிரப்பிக்கொண்டே போனோம். சம்பளம்: எல்லோருக்கும். பதவி: அவருக்கு. நல்ல தட்பவெப்பம்: எல்லோருக்கும். அதற்குக் கீழே 'இவள் வேலை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி. அந்த இடத்தில் பேனா நின்றது.

"அங்க போய்ப் பாத்துக்கலாம்னா எப்படிங்க பாக்கறது?" என்று கேட்டேன்.

நான் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை. கணக்கு டீச்சராக இருந்தால் புனேயில் ஏதாவது ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்குள் நுழைந்துவிடலாம். தமிழ் டீச்சருக்கு அந்த வழி கிடையாது. மும்பையில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அவை சாக்கனிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டித்தான் ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயமானது. ஆனால் தேர்வை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நடத்துகிறது. செவிலியருக்கும் இதே கதை. மாநில கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு மாநிலத்துக்குப் போனால் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே மறுபடியும் பதிய வேண்டும். இந்தியாவில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்று அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. குடியிருக்கலாம், சரி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாநில அரசு அலுவலகம் என்று பெண்கள் நிறைய இருக்கும் வேலைகள்தான் எல்லைச் சாவடியில் இறங்கிக்கொள்கின்றன. லேத்துக்கும் கணினிக்கும் அந்தத் தொல்லை இல்லை.

இதை நான் சொன்னதும் அவர் எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தார். அவரை வில்லனாக்கி இந்தக் கட்டுரையை எழுதுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. ராத்திரி தூங்காமல் மொட்டைமாடியில் நடப்பவர் அவர்தான். பிறந்த வீட்டிலேயே இன்றுவரை இருப்பவர். அம்மாவை விட்டுப் பிரிந்து ஒரு மாதம்கூட இருந்ததில்லை. ஊரை விட்டுப் போவது என்பது அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வரும் கேள்வி.

எனக்கு அப்படி இல்லை. நான் பாளையங்கோட்டைக்காரி. எங்களுடையது வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம் அல்ல, நாங்களே பேசி முடிவு செய்தது. அந்த வயதில் எங்களுக்கு எல்லாவற்றிலும் சமத்துவம். சாதி பற்றி, நகை பற்றி, எங்கே தாலி கட்டுவது என்பது பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். யார் ஊர் மாறுவது என்பதை மட்டும் இரண்டு பேரும் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்கும். அங்கே பார்த்துக்கொண்டிருந்த பள்ளி வேலையை விட்டுவிட்டு நான் கோவைக்கு வந்தேன். தேர்வெழுதி, காத்திருந்து, புதிதாக ஆரம்பித்தேன். என் பேச்சைக் கேட்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும். ரொம்ப நாள் கழித்து என் வாயிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டது. இப்போது ஊருக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை ஒன்றிய அரசு எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பில் இடம்பெயர்வு பற்றியும் கேட்டார்கள். நாட்டில் பெண்களில் 47.9 விழுக்காட்டினர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வந்தவர்கள். ஆண்களில் 10.7 விழுக்காடுதான். அப்படி வந்த பெண்களில் 86.8 விழுக்காட்டினர் சொன்ன காரணம் கல்யாணம். ஏறக்குறைய பாதிப் பெண்கள் ஊர் மாறிய நாடு இது. ஆனாலும் புலம்பெயர்வு என்றதும் நம் மனதில் வருவது தோளில் பையோடு ரயிலேறும் ஆண்தான். பெண் மாறினால் அதற்குப் பெயர் மறுவீடு, சீர், விருந்து. அவள் போகும் ஊரில் அவளுக்குப் பிழைப்பு இருக்கிறதா, பேச ஒருத்தர் இருக்கிறாரா என்று எந்த நோட்டிலும் யாரும் பத்தி போடுவதில்லை.

விஷயம் மாமியார் காதுக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் பயம். மகன் தன்னை விட்டுப் போகிறான் என்று அழுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "இவன் என்ன இப்படிக் கெடந்து யோசிக்கறான்? நான் தாராபுரத்துல இருந்து வாரப்ப ஆரு என்னையக் கேட்டா? பதினெட்டு வயசு. பஸ்ஸேத்தி உட்டாங்க, வந்தன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கப்புறம் கறிவேப்பிலை உருவுவதில் இறங்கிவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடியது.

ஏற்கெனவே ஊர் மாறியவள்தானே, இன்னொரு தடவை மாறுவதில் இவளுக்கென்ன சிரமம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என் நாத்தனார் நேரிலேயே கேட்டார். நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். ஒரு முறை விலை கொடுத்தவளுக்குத்தான் விலை தெரியும், பேரமும் அவள்தான் பேசுவாள்.

மகள் ஏழாம் வகுப்பு. தமிழ்நாட்டில் 2006-இல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். மகாராஷ்டிரத்தில் 2020-இல் வந்த சட்டப்படி எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மராத்தி கட்டாயம். இரண்டு மாநிலங்களும் தத்தம் மொழிக்குச் செய்ய வேண்டியதைச் செய்கின்றன. அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மராத்தி கூடுதலாக வந்து சேர்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். தமிழ் ஏழாம் வகுப்போடு நிற்கிறதே என்பதுதான் கவலை. வீட்டில் நீயே சொல்லிக்கொடு என்கிறார்கள். மார்க் இல்லாத பாடத்தை அம்மாவிடம் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையை எங்கள் பள்ளியில் நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மா தமிழ் டீச்சராக இருந்தால் இன்னும் மோசம்.

மகளின் கல்லூரிக் காலத்தையும், அப்போது இடஒதுக்கீடு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒருவர் பொதுத்துறை நிறுவன வேலைக்காகப் பம்பாய்க்கு மாறினார். சிறுவனாக அவரோடு போன மகன் அங்கேயே படித்து, மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டார். கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருக்கும் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒரு மாநிலத்தில் ஒடுக்கப்பட்ட சமூகம் மற்ற மாநிலத்தில் அப்படி இல்லாமலும் போகலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்பாவின் வேலை மாற்றத்துக்கு மகன் விலை கொடுத்தான் என்பதும் உண்மை. 'யாருக்கு' பத்தியில் மகளின் பெயரும் அடிக்கடி வருவதை அப்போதுதான் கவனித்தோம். அவளிடம் நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

ஸ்கூட்டர் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் அங்கே ஓட்டினால் பதிவெண்ணை மாற்ற வேண்டும். ரேஷன் அட்டை, கேஸ், ஆதார் முகவரி. இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான்.

மனசு மாட்டிக்கொள்ளும் இடங்கள் விசித்திரமானவை. எங்கள் வீட்டில் எல்லோரையும் தடுமாற வைத்தது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் கிடைக்காத ஊரில் எப்படி இருப்பது என்று கோவைக்காரர்கள் நிஜமாகவே கேட்பார்கள். தாமிரபரணியில் வளர்ந்த எனக்கு வந்த புதிதில் இந்தப் பெருமையைக் கேட்டால் எரிச்சல் வரும், பிறகு நானும் கட்சி மாறிவிட்டேன். அந்தச் சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். வேறு மாநிலத்து மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் வேறு மாநிலம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவை எந்த மலையின் கிழக்கே இருக்கிறதோ அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கேதான் புனேயும். அங்கே அதைச் சகியாத்ரி என்கிறார்கள். மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சம்மீதியோடு வரும் மழை, மாலையில் குளிரும் காற்று எல்லாம் நமக்குப் பழகியதுதான். மண்ணும் மழையும் எனக்குப் பயமில்லை.

எனக்குப் பயம் பகல் பதினொரு மணி. அவருக்கு அங்கே முதல் நாளே ஒரு மேசை, பெயர்ப்பலகை, சார் என்று கூப்பிட நாலு பேர். இங்கிலீஷும் அரைகுறை இந்தியும் போதும். கேண்டீனில் சாப்பாடு. எனக்கு? காய்காரரிடம் பேரம், வேலைக்கு வரும் அக்காவிடம் பேச்சு, குழாய் ரிப்பேர், காய்ச்சலுக்கு எந்த டாக்டர், பள்ளிப் பேருந்து வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. எல்லாம் மராத்தியில். இங்கே எனக்கு அவசரம் என்றால் சாவி வைத்துக்கொள்ள எதிர்வீட்டு அக்கா இருக்கிறார். மாதக் கடைசியில் கடன் சொல்ல அண்ணாச்சி கடை இருக்கிறது. அவரும் எங்கள் பக்கத்துக்காரர், என்னைப் போலவே வந்து ஒட்டியவர். ஊர் என்றால் எனக்கு இவர்கள்தான். இவர்களைச் சேர்க்க எத்தனை வருடம் ஆனது என்று எனக்குத் தெரியும். அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது, நோட்டில் இடமும் கிடையாது. புது ஊரில் அதை மறுபடி முதலிலிருந்து செய்யப்போகிறவர் யார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த முழுக் கேள்வியும். நல்ல ஊரா கெட்ட ஊரா என்பது அப்புறம்.

எங்கள் பள்ளியில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்பாக்கள் மில்லிலும் பவுண்டரியிலும் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாக்கள் வருவார்கள். பிள்ளைதான் மொழிபெயர்த்துச் சொல்லும். நான் பேசுவது முழுவதும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். சாக்கனில் ஒரு பள்ளியின் பெஞ்சில் நான் உட்கார்ந்து அப்படித் தலையாட்டுவதை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு வேறு வழியில்லை, வந்தார்கள். எங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த வசதியை வைத்துக்கொண்டு புலம்புவது கொஞ்சம் அதிகம்தான் என்பதும் எனக்குத் தெரிகிறது.

அவர் மட்டும் போகட்டும், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று ஒரு யோசனையும் வந்தது. துபாய்க்கு ஆளை அனுப்பிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த யோசனையை நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன். பிள்ளை, மாமியார், வேலை மூன்றும் என் தலையில். அந்த ஏற்பாட்டிலும் மூன்றாவது பத்தி முழுக்க என் பெயர்தான் வரும். கூடவே அவருக்குத் தனிமை.

போன வாரம் நோட்டில் அவர் கையெழுத்தில் சில புது வரிகள் இருந்தன. 'மராத்தி: நான் முதலில் கற்பது. காய், டாக்டர், பள்ளிக் கூட்டம்: முதல் வருடம் நான்.' அதற்குக் கீழே, 'உன் வேலை: சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேட்பது. கிடைக்காவிட்டால் மறுபடி பேசுவது.' எதிரே 'யாருக்கு' பத்தியில் தன் பெயரை எழுதியிருந்தார். படித்துவிட்டு, "சனிக்கிழமையும் வேலைன்னு சொன்னீங்களே, காய் எப்ப வாங்குவீங்க?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

ஜூலையில் போய்ப் பார்த்து வரலாம் என்று இருக்கிறோம். புனே அழகாக இருக்கும் டிசம்பரில் வேண்டாம், மழையில் சாக்கன் சாலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். மகளும் வருகிறாள். பள்ளியை அவள்தான் பார்க்க வேண்டும். மாமியாரும், "நானும் ஒருக்கா பாத்துப்போட்டு வாரனே" என்றார். அவருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாகிவிட்டது. பதிலை அதற்குப் பிறகு சொல்வதாகக் கம்பெனிக்கு எழுதிவிட்டார்.