பறந்த பறவையா, பயந்த பறவையா?



போன டிசம்பர் விடுமுறையில், ரிங்லெட் ஏரிக்கரையில் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கேமராவோடு நின்றோம். கரையோரம் ஒரு வெள்ளைக் கொக்கு. அரை மணி நேரமாகியும் அசையவில்லை. "அண்ணே, ஒரு கல்லு போடவா? எழும்பிடும்," என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். கொக்கு எழுந்தது, படம் கிடைத்தது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் முதுகுதான் தெரிந்தது. அது பறக்கிற படம் இல்லை, எங்களுக்குப் பயந்து ஓடுகிற படம்.

கல் அதன்மேல் படவில்லையே, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நம் நாட்டில் பார்க்கும் கொக்குகளில் பல, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நெடுந்தூரம் பறந்து வருபவை. உடம்பிலுள்ள கொழுப்புதான் அவற்றின் சேமிப்பு. விரட்டும் ஒவ்வொரு முறையும் அதில் கை வைக்கிறோம். நமக்கு ஒரு கல்தான். ஒரு நாளில் எத்தனை கேமரா வருகிறதோ, பறவைக்கு அத்தனை கல்.

1882இல் பிரான்சின் எட்டியென் ஜூல் மாரே, பறவை பறக்கும் விதத்தை ஆராயத் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். வினாடிக்கு 12 படங்கள் எடுக்கும். விசையை அழுத்தினாலும் பறவை சாகாது. கையிலிருந்து குண்டு போய்விட்டது, சரி. மனசிலிருந்து வேடன் போய்விட்டானா?

"படத்தைப் பார்த்துத்தானே மக்களுக்குப் பறவைமேல் பாசம் வருது?" உண்மைதான். ஆனால் அந்தப் பாசத்துக்கான விலையைப் பறவை ஏன் கொடுக்க வேண்டும்? சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு பண்டிகைச் சந்தோஷத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள். அஹிம்சை பேசும் நம்மால் ஒரு படத்தை விட முடியாதா?

அடுத்த வாரம் மறுபடி போனோம். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும். அதனால் காற்று எங்கள் முதுகில் படும்படி நின்றோம். ஷட்டர் வேகம் 1/2000. கையில் கல் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கொக்கு தானாக எழுந்தது. தம்பி பதறிப்போய் அழுத்தியதில் படம் மங்கலாகிவிட்டது.

"பரவால்லண்ணே," என்றான். "இது நம்மள நோக்கி வந்துச்சு."