சுட்டிய விரல்

அமெரிக்காவின் சேலம் நகர நூதனசாலையில் ஓர் ஓவியம் உண்டு. மற்றெசன் என்னும் ஓவியர் 1855 இல் வரைந்தது. சனம் நிறைந்த நீதிமன்றம். நரைத்த தலையுடைய முதியவர் ஒருவர் முழந்தாளிட்டு, இரு கைகளையும் விரித்து முறையிடுகிறார். குற்றஞ்சாட்டும் கை அவரை நோக்கி நீண்டிருக்கிறது.

முதியவரின் பெயர் ஜோர்ஜ் ஜேக்கப்ஸ். ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த மசாச்சுசெட்சில், 1692 ஆம் ஆண்டு, சூனியக்காரன் என்று விசாரிக்கப்பட்டவர். அவர்மீது பழி சொன்னவர்களுள் ஒருத்தி அவருடைய சொந்தப் பேத்தி மார்கிரட்.

அவள்மீதும் அதே குற்றம் சாட்டப்பட்டிருந்தது. சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு பிறரைக் காட்டிக்கொடுத்தவர்கள் தூக்குக்குத் தப்பினார்கள். உண்மையைச் சொல்லி மறுத்தவர்களே மாண்டார்கள். மார்கிரட் பயந்தாள். பாட்டனாரையும் பறோஸ் என்ற போதகரையும் காட்டிக்கொடுத்தாள்.

ஆனால் சிறையிலே மனச்சாட்சி அவளை விடவில்லை. தான் சொன்னது பொய் என்று நீதிபதிகளுக்கு அறிவித்தாள். அவர்கள் அதை ஏற்கவில்லை. பறோசிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, அவளுக்காகச் செபித்தார். ஓகஸ்ட் 19 இல் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். விசாரணை நாளில் நோயுற்றிருந்ததால் மார்கிரட் உயிர் தப்பினாள்.

பாட்டனாரைக் காப்பாற்றாத அந்த உண்மையால் என்ன பயன் என்று கேட்கலாம். அதைச் சொன்னபோது அவள் தன் கழுத்தையே கயிற்றுக்கு நீட்டினாள் என்பதை நாம் மறக்கலாகாது. பொய் அவள் உயிரைக் காத்தது. உண்மை அவள் ஆன்மாவைக் காத்தது.

இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. அதே 1692 இல் கண்டியில் நம் புனித யோசேவாஸ் அடிகளார், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற பொய்ப்பழியால் சிறை வைக்கப்பட்டார். நம் காலத்திலோ, 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. போர்க்காலச் சுற்றிவளைப்பில் முகம் மூடி நிறுத்தப்பட்டவன் தலையசைத்தால், வரிசையில் நின்ற பிள்ளை கொண்டுபோகப்பட்டான். அந்த மூடிக்குள் இருந்தவனும் பல வேளைகளில் அடிபட்டு, உயிருக்கு அஞ்சிய ஒரு தாயின் பிள்ளைதான். அச்சம் குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும் என்கிறது திருச்சபை. பொய்யை உண்மையாக்கும் என்று சொல்லவில்லை.

ஆனால் நமக்கு என்ன அச்சம்? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை படுத்துவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் மாறாவிட்டால், ஞாயிறு பூசை கண்ட நாமே மறுநாள் மாந்திரீகரைத் தேடிப் போவதில்லையா? 'செய்வினை, அயலில் உள்ள ஒரு பெண்' என்று அவர் சொன்னால் போதும். மறுநாளே அந்த விதவையின் வீட்டுப் பலகாரம் குப்பைக்குப் போகிறது. அவள் மகளுக்கு வந்த கலியாணப் பேச்சும் குழம்புகிறது. நம் கழுத்தில் கயிறு இல்லை. யாரும் நம்மை அடிக்கவும் இல்லை. மார்கிரட்டுக்கு இருந்த சாட்டு நமக்கில்லை.

எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதோடு காரியம் முடிவதில்லை. களவெடுத்த பணத்தைப் போலவே, களவெடுத்த நற்பெயரையும் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தப் படியில் நின்று பழி சொன்னோமோ, அந்தப் படியிலேயே நின்று, 'நான் சொன்னது பிழை' என்று சொல்ல வேண்டும். சிறையிலிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்தத் துணிவு இருந்தது. நமக்கும் இருக்க வேண்டாமா?