வினாவும் விடையும் வாய்மையும்

பொய் பேசப்பட்டால் பேசியவரையே நாம் பழிக்கிறோம். ஆயின், உரையாடல் இருவர் கூடி நிகழ்த்தும் செயல். அதில் விளையும் பொய்யில் வினவியவருக்கும் பங்குண்டோ என்பது சிந்தித்தற்குரியது.

வகுப்பறையில் நாள்தோறும் எழும் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடத்தை முடித்த ஆசிரியர், "புரிந்ததா?" என்கிறார். "புரிந்தது" என்கின்றனர் மாணவர். புரியாதவனும் அக்குரலோடு தன் குரலைச் சேர்த்துவிடுகிறான். அவனைப் பொய்யன் எனலாமா?

விடையை எண்வகைப்படுத்திய நன்னூலார், சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் ஒழிந்த ஐந்தனையும் குறிப்பால் விடையாவன என ஏற்றுக்கொண்டார். "ஆடுவாயா?" என்பதற்குக் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். மறுப்பு சொல்லில் இல்லை. கேட்பவரே அதனை உய்த்துணர்கிறார். பேசுவோர் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கின்றனர் என்னும் நம்பிக்கையே இத்தகைய உய்த்துணர்வுக்கு அடிப்படை என்று 1975இல் வெளிவந்த கட்டுரையில் பால் கிரைஸ் விளக்கினார். ஆகவே, பொருளை ஆக்குவதில் கேட்பவருக்கும் பொறுப்புண்டு.

பேச்சில் ஒருவர் முறை முடிந்து மற்றவர் முறை தொடங்கும் ஒழுங்கினைச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 1974இல் ஆராய்ந்து வெளியிட்டனர். வினாவும் விடையும்போல ஒன்றையொன்று வேண்டி நிற்பனவற்றை இணைக்கூற்று எனலாம். இணையின் முற்பகுதி விடையை வேண்டுவதோடு அமையாது. எவ்விடை எளிதில் வரும் என்பதையும் ஓரளவு முடிவுசெய்துவிடுகிறது. அழைப்புக்கு இசைவு உடனே பிறக்கிறது. மறுப்போ தயங்கி, காரணம் தேடி, சுற்றி வருகிறது. "புரிந்ததா?" என்னும் வினாவும் இசைவின் பக்கமே சாய்ந்து நிற்பது. வகுப்பு முழுவதும் கேட்க "இல்லை" என்பதற்கு ஒரு சிறுவனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அத்துணிவு பிறக்குமுன்பே அவனுடைய முறை கடந்துவிடுகிறது. வினவியபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடியளவே காத்திருப்பதையும், 3 நொடி காத்திருந்தால் விடைகள் விரிவடைவதையும் அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார்.

இதனால் மாணவன் பொறுப்பினின்று நீங்கிவிடான். சொன்ன வாய் அவனுடையதே. எனினும், தீமை பயவாமையை வாய்மைக்கு அளவுகோலாக்கினார் வள்ளுவர். இங்கே பொய்யால் முதலிற் கேடுறுபவன் அதைச் சொன்னவனே. அக்கேட்டைத் தடுக்கும் ஆற்றலோ வினவியவரிடம் மிகுதியாக இருந்தது. ஆற்றல் மிக்கவரிடத்தில் கடமையும் மிகும் அன்றோ?

"மருந்தை ஒழுங்காக உண்கிறீர்கள் அல்லவா?" என்னும் மருத்துவரும், "பள்ளியில் சண்டை ஒன்றும் இல்லையே?" என்னும் தாயும் இவ்வாறே தாம் விரும்பும் விடையை வினாவிலேயே வைத்துவிடுகின்றனர்.

"எந்தப் பகுதி கடினமாக இருந்தது?" என்று வினவிச் சற்றே காத்திருக்கும் ஆசிரியர், புரியாமையைக் குற்றமாக்காமல் இயல்பாக்குகிறார். மாணவரிடம் வாய்மையை எதிர்பார்க்கும் நாம், அது வெளிப்படுதற்கேற்ற வினாவையும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.