திராட்சைத் தோட்டத்துக்குப் போகுமுன்



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைக்கும் வாலிபன் ஒருவன், "சுவாமி, சினேகிதரோடு இரண்டு நாள் கம்பம் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறேன், மனைவி முகம் வாடுகிறாள். இது பாவமா?" என்றான்.

இளைப்பாறுவது பாவமன்று. கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவரும் சீடரோடு பந்தியிலிருந்தார். ஆனால் ஒன்று. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, 1832-ல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த இனிமையை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, நமக்கும் பங்கிட்டார்.

இன்பத்துக்கு அதுவே உரைகல். அங்கே நடப்பதை மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லக்கூடுமானால் போய் வரலாம். சொல்ல நாக்கூசுமானால் அது இளைப்பாறுதலன்று. ஒரு கூடைப் பழத்தோடும் கடன் தீராது. அடுப்படியில் நிற்பவளுக்கு ஞாயிறும் வேலைநாள்தானே? அவளும் இளைப்பாற ஒரு நாள் கொடுத்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.