எல்லாம் இருக்கிறவன்

வீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு பிரயாணம் போக வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து திருச்செந்தூருக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் வைக்கோல், பாத்திரம், கட்டுச்சோறு எல்லாம் ஏற்றித்தான் போனார்கள். எனினும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு கிணறும், இராத் தங்க ஒரு சத்திரமோ யார் வீட்டுத் திண்ணையோ அவர்களுக்கு வேண்டியிருந்தது. வண்டி பாதி வீடு. மீதியை வழியிலிருந்தவர்கள் தந்தார்கள். இன்றைய கேரவன் அந்த மீதியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. சினிமாப் படப்பிடிப்போடு சேர்த்தே நாம் நினைத்துவந்த இந்த வண்டிக்கென்று 2021ல் கேரள அரசு தனிச் சுற்றுலாக் கொள்கையே அறிவித்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ். எங்கும் போகலாம், எவருக்கும் விருந்தாளி ஆகாமல். இந்த 'ஆகாமல்' பற்றித்தான் என் கேள்வி.

சென்ற ஐப்பசியில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் நால்வர் இப்படியொரு வண்டியில் மணப்பாட்டுக்குப் போனோம். இரண்டு நாளும் மழை. குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயிலும் கீழே மணல் திட்டும் கண்ணாடி வழியே கரைந்து தெரிந்தன. கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது சந்தோஷம். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். இயற்கையின் பயங்கரம் நம்மை ஈர்ப்பதற்கு நாம் பத்திரமான இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதைக் காண்ட் 1790லேயே விளக்கிவிட்டார். சாயங்காலம், பக்கத்து வீட்டு அம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். "உள்ள வந்து இருங்க சார், மழ இப்பம் வெறிக்காது. கடுங்காப்பி போடுதேன்." நண்பர் கைகூப்பி, "வேண்டாம்மா, எங்ககிட்ட எல்லாம் இருக்கு" என்றார். "சரி" என்று அவர் திரும்பிப் போனார்.

நண்பர் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. பிறருக்குத் தொந்தரவு தராதிருப்பது நம் மத்தியதர வர்க்கத்தின் தலையாய ஒழுக்கம். ஆனால் அது அறம்தானா? நான் வேலை பார்க்கும் கவுண்டரிலிருந்து ஒன்று சொல்லலாம்: கடனே வாங்காதவன் நாணயமானவனா இல்லையா என்று வங்கிக்குத் தெரியாது. அவன் பெயரில் பக்கமே இல்லை.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் கடமை முழுவதும் விருந்தளிப்பவனுக்கே. விருந்தினனுக்கென்று ஒரு கடமையும் விதிக்கப்படவில்லை; கடைசிக் குறளில் அவன் மனம் வாடுவது மட்டும் வருகிறது. வருகிறவன் ஏற்றுக்கொள்வான் என்பது பேசவேண்டாத விஷயமாக இருந்த காலம் போலும். 'எல்லாம் இருக்கிறது' என்று சொல்லும் விருந்தினன் அன்று இல்லை.

மணப்பாட்டுக்குப் போகும் வழியில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தைத் தாண்டினோம். 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் வண்டி இங்கேதான் நின்றது. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை, அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அரித்துப் போயிருந்தன. வண்டியில் சுமார் 800 பேர். மீட்பு முடிய 19ஆம் தேதி ஆயிற்று. படுக்கை, விளக்கு, தண்ணீர், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் என்று ரயிலும் ஒருவகையில் ஓடும் வீடுதான், பாதை இருக்கிறவரை. பாதை போனதும் பயணிகள் விருந்தாளிகளானார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களும் அதே வெள்ளத்தின் நடுவில்தான் இருந்தார்கள்.

ஆபத்தில் எல்லோரும் நல்லவர்கள்தாம், அதை வைத்துச் சாதாரண நாளை அளக்கலாமா என்று கேட்கலாம். ஆனால் புதுக்குடியில் அந்தக் குணம் அன்றிரவு பிறந்திருக்க முடியாது. அங்கே அன்றாடம் அடுத்த வீட்டுக்குப் போய்வந்த கிண்ணங்களில்தான் அது பழகியிருக்க வேண்டும். கொடுக்கும் பழக்கம் நிலைக்க, வாங்குகிறவனும் வேண்டும். சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த அம்மாள் எங்கள் தேவைக்காக மட்டும் வந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் ஊருக்கு வந்தவர்கள் முன்னால் வீட்டுக்காரியாக நிற்க அவருக்கு உரிமை உண்டு. நம் தன்னிறைவு பறிப்பது அந்த உரிமையை.

கேரவனைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது பெரிய உபகாரம். வேண்டுவது சிறியது: அடுத்தவர் ஊருக்குப் போகும்போது ஒரு சாமானையாவது ஏற்றாமல் விட்டுவைப்பது. அது காப்பித்தூளாகவே இருக்கலாம்.