மரியா என்னும் ராபின்

தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் புதியன பொருத்தினால், இறுதியில் நிற்பது அதே கப்பல்தானா? புளூட்டார்க் பதிவுசெய்த இவ்வினாவைக் குருமட மாணவர்கள் மணிக்கணக்கில் விவாதிப்பதுண்டு. (உணவு மணி அடித்தால் விவாதம் தானே முடிந்துவிடும்.) யான் எழுப்ப விரும்புவதோ பலகையைப் பற்றிய வினா அன்று, பெயரைப் பற்றியது.

1890-இல் இலண்டனில், தேம்ஸ் நதியோரத்தில், 'ராபின்' என்ற சிறிய சரக்கு நீராவிக் கப்பல் கட்டப்பட்டது. எஃகுத் தகடுகளை அறையாணிகளால் இணைத்த உடல். எஞ்சின் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத் தயாரிப்பு. ஒரே நீராவியை அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் விரியச்செய்து, அதன் ஆற்றலை இயன்றவரை பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனமான அமைப்பு. தானியம், இரும்புத்தாது, சீனக்களிமண், சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கும் மரங்கள் என்று கிடைத்ததையெல்லாம் கரையோரமாகவே சுமந்து திரிந்தது. புகழ் தேடி வரும் தொழில் அன்று அது.

பத்தாண்டுகளுக்குப்பின், 1900-இல், ஸ்பெயினின் பில்பாவோ நகர வணிகர்கள் அதனை வாங்கி 'மரியா' எனப் பெயரிட்டனர். அப்பெயரில் அது உழைத்த காலம் 74 ஆண்டுகள். இரண்டு உலகப் போர்களும் ஓர் உள்நாட்டுப் போரும் வந்து போயின. உலையில் கரிக்குப் பதிலாக எண்ணெய் எரியலாயிற்று. 1974-இல் உடைக்கப்படவிருந்த வேளையில், இங்கிலாந்தின் கடல்சார் அறக்கட்டளை ஒன்று அதனை வாங்கியது. மரியா தன் எஞ்சினாலேயே தேம்ஸ் நதிக்குத் திரும்பி வந்தது. பழைய தோற்றம் மீட்கப்பட்டது. 'ராபின்' என்ற பெயரும் மீட்கப்பட்டது.

இதில் குறைகாண என்ன இருக்கிறது என வாசகர் கேட்கலாம். காப்பாற்றியவர்கள் நன்றிக்குரியவர்களே, அவர்கள் இன்றேல் இன்று அது பழைய இரும்பு. ஆயினும், காப்பாற்றுவதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தது யாரால்? உப்புநீரில் கிடக்கும் எஃகு, துருவைச் சுரண்டிச் சாயம் பூசும் கைகள் இல்லாவிடில் சில ஆண்டுகளில் ஓட்டையாகிவிடும். அக்கைகள் மரியாவின் கைகள். பத்தாண்டுப் பெயர் பலகையில் நிற்க, எழுபத்துநான்கு ஆண்டுப் பெயர் விளக்கக் குறிப்புக்குள் ஒதுங்குவது நீதியாகுமா?

அடக்கத் திருப்பலிக்குமுன் இறந்த தாய்மாரைப்பற்றி வீட்டாரிடம் விசாரிப்பது குருக்களின் வழக்கம். பிறந்த ஊர், படித்த பள்ளி, மறைக்கல்வித் தேர்வில் பெற்ற பரிசு, திருமணமான ஆண்டு ஆகியவை மளமளவென வரும். பிறகு? "அப்புறம் ஒண்ணுமில்லை சாமி, வீட்டிலதான் இருந்தாங்க." அந்த 'ஒண்ணுமில்லை'க்குள் நாற்பது ஆண்டு அடுப்பும், நோயாளி மாமியாரும், ஐந்து பிள்ளைகளும் அடங்கிக் கிடப்பர். தொடக்கத்தை நினைவுகூர்வது எளிது. அது ஒரு நாளில் நிகழ்ந்தது, அதற்குத் தேதி உண்டு. உழைப்புக்குத் தேதி இல்லை.

தானே மிதக்கும் வலு இழந்துவிட்டதால், 2010 முதல் அக்கப்பல் ஒரு மிதவைமேல் ஏற்றி வைக்கப்பட்டுள்ளது. உள்ளே இருப்பது ராபினுக்கும் மரியாவுக்கும் பொதுவான அதே டண்டீ எஞ்சின்.